பிலிப்பிக்: வசையா, இடித்துரையா?

கேள்வி: ஓர் அரசியல் தலைவரின் வாழ்க்கை வரலாற்றை ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். மன்றக் கூட்டத்தில் அவர் எழுந்து பொருளாளருக்கு எதிராக ஒரு ‘பிலிப்பிக்’ நிகழ்த்தினார் என்று ஒரு வரி வருகிறது. அகராதியில் ‘கடும் வசையுரை’ என்று இருந்தது, அப்படியே எழுதினேன். பதிப்பாசிரியர் அதை ‘வசைமாரி பொழிந்தார்’ என்று மாற்றிவிட்டார். இரண்டுமே எனக்கு உறுத்துகின்றன. ஆனால் ஏன் என்று அவரிடம் எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. இந்தச் சொல்லில் இருக்கும் பிலிப் யார்? பிலிப்பைன்ஸ் நாட்டோடு இதற்குத் தொடர்பு உண்டா? டயட்ரைப், டைரேட், ஜெரமையாட் என்று வேறு சில சொற்களும் இதே புத்தகத்தில் வருகின்றன. எல்லாவற்றுக்கும் ‘வசை’ என்றே போட்டுவிடலாமா?

பதில்: வணக்கம். உங்கள் உறுத்தலை விட்டுவிடாதீர்கள். பல ஆண்டுகளாக மொழிபெயர்ப்புகளைச் செப்பனிடும் வேலையில் இருக்கிறேன். காரணம் தெரியாமலே ஒரு சொல் உறுத்தினால், பெரும்பாலும் அந்த இடத்தில் தேட வேண்டியது ஏதாவது இருக்கும். உங்கள் வரியிலும் இருக்கிறது. பதிப்பாசிரியர் போட்ட சொல் முழுத்தவறு இல்லை. ஆனால் பிலிப்பிக் என்ற சொல்லின் பாதியைத்தான் அது பிடித்திருக்கிறது. விட்டுப்போன பாதிதான் எனக்கு மிகவும் பிடித்த பாதி, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பிலிப் யார் என்று பார்த்துவிடுவோம். கிரேக்கத்துக்கு வடக்கே இருந்த மாசிடோனியாவை கி.மு. 359 முதல் 336 வரை ஆண்ட இரண்டாம் பிலிப் அவர். அலெக்சாந்தரின் தந்தை என்றால் எல்லோருக்கும் தெரியும். பிலிப்பைன்ஸுக்குப் பெயர் கொடுத்தவரும் ஓர் ‘இரண்டாம் பிலிப்’தான், ஆனால் அவர் 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் அரசர். இருவருக்கும் இடையே ஏறக்குறைய 1,900 ஆண்டுகள். பெயர் ஒன்று என்பதைத் தவிர வேறு தொடர்பு கிடையாது. பிலிப் என்ற கிரேக்கப் பெயருக்குக் ‘குதிரைகளை நேசிப்பவன்’ என்று பொருள். ‘பிலிப்பிகோஸ்’ என்றால் ‘பிலிப் தொடர்பான’ என்பது மட்டும்தான். அதில் கோபமும் இல்லை, வசையும் இல்லை. தியோபொம்பஸ் என்ற வரலாற்றாசிரியர் பிலிப்பின் காலத்தைப் பற்றி 58 தொகுதிகளில் எழுதிய நூலுக்கும் ‘பிலிப்பிகா’ என்றுதான் பெயர். அப்படிப்பட்ட ஒரு சாதுவான உரிச்சொல்லுக்குள் இத்தனை காரத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர் ஒரு பேச்சாளர்.

அவர் ஏதென்ஸின் டெமஸ்தனிஸ். வாயில் கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு பேசிப் பழகித் திக்குவாயைத் திருத்திக்கொண்டவர் என்று பழங்கால வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க் எழுதிய கதையை நீங்களும் எங்காவது படித்திருப்பீர்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பிலிப்பிக் என்பது பிலிப் பேசியது அல்ல, பிலிப்புக்கு எதிராகப் பேசப்பட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இதை ‘பிலிப்பின் முழக்கம்’ என்று எழுதி, அது அச்சுக்கும் போய்விட்டது. யார் பேசினார், யாரை நோக்கிப் பேசினார் என்பதைப் பார்க்காமல் சொல்லைத் தொடக் கூடாது என்று அன்றிலிருந்து வைத்திருக்கிறேன். உங்கள் சிக்கலுக்கும் அதே கேள்விதான் வழி காட்டும்.

டெமஸ்தனிஸின் முதல் பிலிப்பிக் கி.மு. 351ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்குள் பிலிப் ஆம்பிபொலிஸ், பிட்னா, பொட்டிடையா, மெத்தோனி என்று ஏதென்ஸுக்கு வேண்டிய ஊர்களை ஒவ்வொன்றாகக் கைப்பற்றியிருந்தார். மெத்தோனி முற்றுகையில் அவருக்கு ஒரு கண் போனது, ஊரை விடவில்லை. ஏதென்ஸ் மக்கள் அவை கூடுகிறது. மூத்தவர்கள் பேசி முடித்த பிறகு இளையவர்கள் எழுவது வழக்கம். முப்பதுகளின் தொடக்கத்தில் இருந்த டெமஸ்தனிஸ் முதல் ஆளாக எழுந்து, “இது புதிய விஷயமாக இருந்தால் காத்திருப்பேன், இதைப் பற்றி மூத்தவர்கள் பலமுறை பேசியாயிற்று, அவர்கள் சரியான யோசனை சொல்லியிருந்தால் இன்று இந்தக் கூட்டமே தேவைப்பட்டிருக்காது” என்ற பொருளில் தொடங்குகிறார்.

இந்த உரையை முதன்முதலாக முழுவதும் படித்தபோது எனக்குப் பெரிய ஏமாற்றம். பிலிப்பை வறுத்தெடுப்பார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தேன். பிலிப்பின் பெயர் வருகிறது, அவருடைய பேராசையும் திமிரும் பேசப்படுகின்றன. ஆனால் உரையின் பெரும்பகுதி எதிரே உட்கார்ந்திருக்கும் சொந்த ஊர்க்காரர்களை நோக்கியது. அடி விழுவதெல்லாம் அவர்கள் மேல்தான். அப்புறம்தான் புரிந்தது, அந்த உரையின் அழகே அதுதான் என்று.

அதில் ஓர் உவமை வருகிறது. குத்துச்சண்டை தெரியாத அயலான் சண்டை போடுவதைப் போல நீங்கள் பிலிப்போடு போரிடுகிறீர்கள் என்கிறார். அடி விழுந்த இடத்துக்குக் கை போகும். மறுபக்கம் அடித்தால் கை அங்கே ஓடும். எதிராளியின் முகத்தைப் பார்க்கவும் தெரியாது, அடி வருமுன் தடுக்கவும் தெரியாது. பிலிப் ஓரிடத்தில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் அங்கே படை அனுப்ப ஓட்டு. வேறிடம் என்றால் வேறு ஓட்டு. இன்னோர் இடத்தில், உங்கள் திருவிழாக்கள் மட்டும் எப்படி வருடம் தவறாமல் குறித்த நாளில் நடக்கின்றன என்று கேட்கிறார். யார் நடத்துவது, யார் செலவு செய்வது, யாருக்கு என்ன வேலை எல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கிறது. போருக்குப் போகும் கப்பல்கள் மட்டும் எப்போதும் காரியம் முடிந்த பிறகே போய்ச் சேருகின்றன. பிறகு அந்த வம்புப் பேச்சைப் பிடிக்கிறார். தெருவில் ஒருவரை ஒருவர் பார்த்து “என்ன புதுச் செய்தி?” என்று கேட்டுக்கொண்டு திரிகிறீர்கள். “பிலிப் செத்துவிட்டாரா?” “இல்லை, உடம்புக்கு முடியவில்லையாம்.” அதனால் உங்களுக்கு என்ன? இந்தப் பிலிப் போனாலும், நீங்கள் இப்படியே இருந்தால், இன்னொரு பிலிப்பை நீங்களே உண்டாக்கிவிடுவீர்கள்.

இதை வசைமாரி என்று சொல்ல முடியுமா, சொல்லுங்கள். கோபம் இருக்கிறது, கசப்பு இருக்கிறது. ஆனால் அந்தக் கசப்பு மருந்தின் கசப்பு. கடந்த காலத்தில் மிக மோசமாக இருப்பதுதான் எதிர்காலத்துக்கு மிக நல்ல செய்தி என்கிறார். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தும் நிலைமை இப்படி ஆகியிருந்தால் நம்பிக்கைக்கு இடமே இல்லை. எதையுமே செய்யாததால் கெட்டது, அதனால் இனி செய்தால் மீளலாம். திட்டுவதோடு நின்றாரா என்றால் அதுவும் இல்லை. 50 போர்க்கப்பல்களைத் தயாராக வைக்க வேண்டும். அது போக 2,000 காலாட்கள், அதில் 500 பேராவது ஏதென்ஸ்காரர்களாக இருக்க வேண்டும். 200 குதிரை வீரர்கள், அதில் 50 பேர் நம்மவர்கள். காவலுக்கு 10 விரைவுக் கப்பல்கள் என்று கணக்கு வைக்கிறார். கூலிப்படையை மட்டும் அனுப்பிவிட்டு வீட்டில் உட்காராதீர்கள் என்பதுதான் அந்தக் கணக்கின் உள்ளே இருக்கும் சேதி. வரவு செலவையும் சொல்கிறார்.

இந்த மாதிரிப் பேச்சுக்குத் தமிழில் பெயர் இருக்கிறது: இடித்துரை. ‘இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பா ரிலானும் கெடும்’ என்று வள்ளுவர் சொன்னது இந்தப் பேச்சைத்தான். தவறு கண்ட இடத்தில் அஞ்சாமல் எடுத்துச் சொல்லும் துணை இல்லாத அரசன், கெடுப்பவர் யாரும் இல்லாவிட்டாலும் தானே கெட்டுப்போவான். ஏதென்ஸில் மன்னன் கிடையாது; முடிவெடுப்பது மக்கள் அவை. ஆக, அங்கே மன்னனின் இடத்தில் இருந்தது மக்கள். அந்த மக்களை நோக்கி முகத்துக்கு நேரே இடித்தவர் டெமஸ்தனிஸ். நட்பைப் பற்றிச் சொல்லும்போதும் வள்ளுவர் ‘மிகுதிக்கண் மேற்சென்று இடித்தற் பொருட்டு’ என்கிறார். இடிப்பவன் நம்மவன். வசை பாடுகிறவன் அப்படி இருக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் உறுத்தலின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அதற்காக டெமஸ்தனிஸ் வசையே பேசாதவர் என்று சொல்லிவிட முடியாது. ஆண்டுகள் போகப் போகக் குரல் கடுமையாகிறது. கி.மு. 348இல் ஒலிந்தஸ் நகரம் பிலிப்பிடம் விழுந்தது. அதைக் காப்பாற்றச் சொல்லி அவர் பேசிய மூன்று உரைகளும் வீணாயின. 346இல் ஒரு சமாதான உடன்படிக்கை, அதுவும் நிலைக்கவில்லை. 344இல் இரண்டாம் பிலிப்பிக். 341இல் மூன்றாவது, பலரும் அதைத்தான் அவருடைய உரைகளில் மிகச் சிறந்தது என்பார்கள். அதில் பிலிப்பைப் பற்றி ஒரு வரி வருகிறது: அவன் கிரேக்கன் அல்ல, கிரேக்கனுக்கு உறவும் அல்ல, பெயர் சொல்லத்தக்க ஊரிலிருந்து வந்த அயலான்கூட அல்ல, நல்ல அடிமை ஒருவனை விலைக்கு வாங்கக்கூட முடியாத மாசிடோனியாவிலிருந்து வந்த பீடை. இது அப்பட்டமான வசை, பிறந்த மண்ணையும் சேர்த்து இழிக்கிற வசை. இதை நான் மென்மைப்படுத்த மாட்டேன், மொழிபெயர்ப்பில் யாரும் மென்மைப்படுத்தவும் கூடாது. ஆனால் அதே உரையில்தான், கப்பல் பெரிதோ சிறிதோ, மூழ்குவதற்கு முன்னால்தான் மாலுமியும் சுக்கான் பிடிப்பவனும் முனைந்து நிற்க வேண்டும், கடல் மேலே ஏறிய பிறகு எல்லா முயற்சியும் வீண் என்றும் சொல்கிறார்.

நான்காம் பிலிப்பிக் என்று ஒன்றும் இருக்கிறது. அது முழுக்க அவருடையதுதானா என்று அறிஞர்கள் நீண்ட காலம் ஐயப்பட்டார்கள். நமக்கு அது இப்போது வேண்டாம். கி.மு. 338இல் கைரோனியாப் போரில் ஏதென்ஸ் தோற்றது. அவர் தடுக்க நினைத்தது நடந்தேவிட்டது. இரண்டு ஆண்டுகளில் பிலிப் கொலையுண்டார். டெமஸ்தனிஸ் சொன்னபடியே இன்னொரு பிலிப் வந்தார், அவருடைய மகனாக.

இதே பிலிப்பை முன்வைத்து இன்னோர் ஏதென்ஸ்காரரும் எழுதினார். ஐசாக்ரட்டீஸ் கி.மு. 346இல், கிரேக்கர்களை ஒன்றுசேர்த்துப் பாரசீகத்தின் மேல் படையெடுக்கச் சொல்லிப் பிலிப்பையே வேண்டி ஓர் உரையை எழுதினார். அதற்குப் பெயர் ‘பிலிப்’. பிலிப்பை அழைத்த உரை ஒன்று, எதிர்த்த உரைகள் நான்கு. எதிர்த்தவைதான் பிற மொழிகளில் பொதுச்சொல்லாக நிலைத்தன.

அப்படி நிலைக்க வைத்ததில் பெரும் பங்கு ரோமைச் சேர்ந்த பேச்சாளர் சிசரோவுக்கு. ஜூலியஸ் சீசர் கி.மு. 44 மார்ச் 15 அன்று கொல்லப்பட்டார். அதன் பிறகு சீசரின் தளபதி மார்க் ஆன்டனி அதிகாரத்தைக் கையில் எடுக்கப் பார்க்கிறார் என்று கண்ட சிசரோ, அந்த ஆண்டு செப்டம்பர் 2 முதல் அடுத்த ஆண்டு ஏப்ரல் வரை அவருக்கு எதிராக எழுதியும் பேசியும் வந்த உரைகளில் 14 நமக்குக் கிடைத்திருக்கின்றன. இவற்றைப் ‘பிலிப்பிக்குகள்’ என்று விளையாட்டாக அழைத்தவர் சிசரோவேதான். சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸுக்கு எழுதிய கடிதத்தில் அப்படிக் குறிப்பிட்டார். புரூட்டஸ் அவற்றைப் படித்துவிட்டு, நீங்கள் விளையாட்டாகச் சொன்ன அந்தப் பெயரால் அழைக்க இனி எனக்குத் தடையில்லை என்ற கருத்தில் பதில் எழுதினார். அடுத்த ஆண்டு, கி.மு. 42இல், அதே புரூட்டஸ் போரில் தோற்று இறந்த ஊரின் பெயர் பிலிப்பி. மாசிடோனியப் பிலிப் தன் பெயரை வைத்த ஊர் அது. பின்னாளில் பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபம் இந்த ஊர் மக்களுக்குத்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது, ‘பிலிப்பிக்’ என்ற சொல் பிலிப்பை விட்டுக் கழன்றுகொள்வது. இப்போது எதிரி ஆன்டனி. அந்த அவையில் பிலிப்புக்கு வேலையே இல்லை. ஆளுக்குரிய பெயர் ஒரு பேச்சு வகைக்குரிய பெயராக மாறியது இந்த இடத்தில்தான். அதோடு சொல்லின் சுவையும் மாறியது.

சிசரோவின் முதல் உரை அளவோடுதான் இருக்கிறது. ஆன்டனி அதற்குச் செப்டம்பர் 19 அன்று கடுமையாகப் பதிலடி கொடுத்தார். அதற்கு விடையாகச் சிசரோ எழுதியதுதான் இரண்டாம் பிலிப்பிக். அன்றே அவையில் எழுந்து பேசியது போல எழுதப்பட்டிருக்கிறது. உண்மையில் அது பேசப்படவே இல்லை. எழுத்தாகச் சுற்றுக்கு வந்தது. படித்தால் கை நடுங்கும். ஆன்டனியின் இளமைக் கால ஒழுக்கக்கேடு, கடன், குடி எல்லாவற்றையும் பெயர் சொல்லி, இடம் சொல்லி அடுக்குகிறார். முந்தின இரவுக் கல்யாண வீட்டில் குடித்த குடி தாங்காமல் ஆன்டனி ரோம் மக்கள் கூடிய இடத்தில் பொதுக்காரியம் நடத்திக்கொண்டிருக்கும்போதே வாந்தி எடுத்தார் என்று சொல்லி, அந்த நாற்றம் நம் மூக்கில் ஏறும்படி எழுதியிருக்கிறார். திருவிழா நாளில் சீசரின் தலையில் முடி சூட்டப் பார்த்தவர் இவர்தான் என்று அரசியல் குற்றச்சாட்டையும் வைக்கிறார். முடிக்கும்போது, இளைஞனாக இருந்து குடியரசைக் காத்தேன், கிழவனாகிக் கைவிட மாட்டேன். சதிகாரன் காட்டிலினாவின் வாள்களுக்கு அஞ்சாதவன் உன் வாள்களுக்கா அஞ்சுவேன் என்கிறார். அப்போது அவருக்கு வயது 62.

நூறாண்டுக்கு மேல் கழித்து அங்கதக் கவிஞர் ஜுவனால் இந்த இரண்டாம் உரையைத் தெய்வீகமான பிலிப்பிக் என்று புகழ்ந்தார். இன்று பிலிப்பிக் என்றதும் ஆங்கில வாசகருக்கு மனதில் எழும் காட்சி பெரும்பாலும் டெமஸ்தனிஸுடையது அல்ல, இந்த இரண்டாம் உரையினுடையது என்பது என் எண்ணம். ஓர் ஆளைப் பிடித்துக்கொண்டு, அவரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போடும் பேச்சு. அகராதிகள் ‘வசையுரை’ என்று எழுதுவது இந்தப் பாதியை மனதில் வைத்துத்தான். 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் இந்தச் சொல் புழங்கத் தொடங்கியபோதே இரண்டு பேச்சாளர்களின் நிழலும் அதில் இருந்தது.

இருவரும் பேச்சுக்குக் கொடுத்த விலையையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அது தெரியாமல் இந்தச் சொல்லின் கனம் தெரியாது. மாசிடோனியருக்கு எதிரான கடைசி எழுச்சியும் தோற்ற பின், கி.மு. 322இல் டெமஸ்தனிஸ் கலௌரியா தீவில் பொசைடன் கோயிலில் அடைக்கலம் புகுந்தார். பிடிக்க வந்தவனிடம், வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, யோசிக்கும்போது வழக்கமாகச் செய்வதைப் போல எழுதுகோலைக் கடித்தார். அதில் நஞ்சு இருந்தது என்று புளூட்டார்க் எழுதுகிறார். சிசரோவை ஆன்டனியின் ஆட்கள் கி.மு. 43 டிசம்பர் 7 அன்று கொன்றார்கள். அந்த உரைகளை எழுதிய கைகளையும் தலையையும் வெட்டி, ரோமில் பேச்சாளர்கள் நின்று பேசும் மேடையிலேயே வைத்தார்கள். புளூட்டார்க் இந்த இருவரின் வாழ்க்கையையும் ஒரே இணையாகச் சேர்த்து எழுதியதில் வியப்பில்லை.

சரி, இனி உங்கள் மற்ற சொற்கள்.

டயட்ரைப் என்பதும் கிரேக்கம்தான். மூலச் சொல்லுக்குத் தேய்த்தல், தேய்ந்துபோகச் செய்தல் என்று பொருள். பொழுதைத் தேய்ப்பது என்ற கருத்தில் பொழுதுபோக்கு, பிறகு மாணவர்களோடு உட்கார்ந்து பேசும் தத்துவப் பேச்சு என்று ஆனது. தத்துவ ஆசிரியர் எபிக்டீட்டஸின் போதனைகளை அவருடைய மாணவர் ஆரியன் (Arrian) தொகுத்தபோது வைத்த பெயரே ‘டயட்ரிபை’தான். அந்தப் பேச்சுகளில் கேள்வி கேட்டு மடக்குவதும் குத்திக்காட்டுவதும் உண்டு; காலப்போக்கில் அந்தக் குத்தல் மட்டும் மிஞ்சி, இன்று நீண்ட கடும் தாக்குதல் என்ற பொருளில் நிற்கிறது. டைரேட் பிரெஞ்சு வழியாக வந்தது, இழுத்தல் என்ற வேரிலிருந்து. மூச்சு விடாமல் ஒரே இழுப்பாகக் கொட்டித் தீர்ப்பது. உங்கள் பதிப்பாசிரியரின் ‘வசைமாரி’க்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது, அதை இங்கே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஜெரமையாட் எரேமியா தீர்க்கதரிசியின் பெயரில் பிறந்தது. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு எரேமியாவும் புலம்பலும் அடுத்தடுத்த ஆகமங்கள். ஓர் ஆளைக் குறிவைக்காமல், ஊரே கெட்டுவிட்டது, காலமே கெட்டுவிட்டது, அழிவு வருகிறது என்று அழுது அரற்றும் பேச்சு அது. ‘புலம்பல்’ என்ற சொல் நம்மிடம் தயாராகவே இருக்கிறது. ‘அழிவுப் புலம்பல்’ என்றால் இன்னும் தெளிவு. இதற்கு வசை என்று போட்டால் பொருள் தலைகீழாகிவிடும்.

உங்கள் பட்டியலில் இல்லாத இன்வெக்டிவ் என்ற சொல்லும் எங்காவது எதிர்ப்படும். அதன் லத்தீன் வினைக்கு ஒருவர் மேல் பாய்ந்து மோதுவது என்று பொருள். நம் ‘சாடு’ என்ற சொல்லுக்கும் அடித்தல், மோதுதல் என்ற பொருள்கள் உண்டு. இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே உருவகத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இந்த மாதிரி இடங்களில் மொழிபெயர்ப்பாளருக்கு வேலையே இல்லை, அந்தச் சொல் அப்படியே உட்கார்ந்துகொள்ளும்.

தமிழின் வசைச் சொற்கள் ஒன்றுக்கொன்று ஈடு அல்ல என்பதை உங்கள் பதிப்பாசிரியருக்கும் சொல்லுங்கள். தொல்காப்பியம் அங்கதத்தை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்படையாகச் சொன்னால் வசை. மறைத்துச் சொன்னால் பழிகரப்பு. ‘செம்பொருள் ஆயின வசையெனப் படுமே’ என்பது அந்த வரி. ஆக வசை என்பது வெறும் கெட்ட வார்த்தை அல்ல, நேருக்கு நேர் பழி கூறுவது. ‘வசைபாடக் காளமேகம்’ என்று ஒரு புலவருக்குத் தனிப்பெருமையாகவே சொல்லும் அளவுக்கு அது ஒரு கலை. அப்படிப் பார்த்தால் சிசரோவின் இரண்டாம் பிலிப்பிக்கை வசை என்று சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. தூற்றுதல் வேறு, பதரைக் காற்றில் விடுவது போல ஒருவர் பெயரைக் காற்றில் விடுவது, ஆள் எதிரே இருக்க வேண்டியதில்லை. ஏசுவதும் திட்டுவதும் வீட்டிலும் தெருவிலும் நடப்பவை. அறம் பாடுதல் என்பது பாட்டாலேயே ஒருவரை அழிக்கும் சாபம். அதை இங்கே கொண்டுவரவே கூடாது. இன்றைக்கு ‘வசைமாரி’ என்றால் வாசகர் மனதில் எழுவது வாதம் இல்லாத, ஆதாரம் இல்லாத வாய்மழை. பிலிப்பிக்கில் வாதம் இருந்தே தீர வேண்டும். டெமஸ்தனிஸிடம் கப்பல் கணக்கு இருந்தது, சிசரோவிடம் தேதியும் இடமும் இருந்தன.

இப்போது உங்கள் வரிக்கு வருவோம். அந்தப் பத்தியை மறுபடி ஒரு தடவை படித்துப் பாருங்கள். உங்கள் தலைவர் பொருளாளரின் குணத்தையும் வாழ்க்கையையும் தாக்குகிறாரா, அல்லது கணக்கைப் பிரித்து வைத்துக்கொண்டு பேசுகிறாரா? பேசும்போது அவர் முகம் பொருளாளரைப் பார்த்திருக்கிறதா, அவரைக் கேள்வி கேட்காமல் விட்ட மன்றத்தைப் பார்த்திருக்கிறதா? பொருளாளரை மட்டும் என்றால், ‘பொருளாளரைப் பெயர் சொல்லிக் கடுமையாகச் சாடினார்’ போதும். மன்றத்தையும் சேர்த்து உலுக்குகிறார் என்றால், ‘பொருளாளரைச் சாடினார், இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்த மன்றத்தையும் இடித்துரைத்தார்’ என்று இரண்டு வினையாகப் பிரித்துவிடுங்கள். ஆங்கிலம் ஒரு பெயர்ச்சொல்லில் அடைத்து வைப்பதைத் தமிழ் வினையில் சொன்னால்தான் உயிர் வரும். ‘ஒரு பிலிப்பிக் நிகழ்த்தினார்’, ‘வசையுரை ஆற்றினார்’ எல்லாம் மேடையில் நிகழ்ச்சி நிரல் வாசிப்பது போல இருக்கின்றன. பெயர்ச்சொல்தான் வேண்டும் என்ற இடங்களில், தலைப்பு மாதிரி, ‘கண்டனப் பேருரை’ என்று நான் போடுவேன்.

பிலிப்பிக் என்று அப்படியே எழுத்துப்பெயர்த்து வைக்கலாமா என்று கேட்பீர்கள். டெமஸ்தனிஸ், சிசரோ உரைகளைக் குறிக்கும் இடத்தில் தாராளமாக வைக்கலாம், அது அவற்றின் பெயர். பொதுப்பொருளில் வரும் இடத்தில் வேண்டாம். ஆங்கிலத்தில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற வேறுபாடு இருப்பதால், சின்ன எழுத்தில் பார்த்ததும் இது ஆள் பெயர் அல்ல, பொதுச்சொல் என்று வாசகருக்குப் புரியும். தமிழில் அந்த அடையாளம் கிடையாது. பிலிப்பிக் என்றதும் யாரோ ஒரு பிலிப் கதைக்குள் நுழைந்துவிட்டார் என்று வாசகர் தேட ஆரம்பிப்பார். ஒருவேளை உங்கள் நூலாசிரியர் வேண்டுமென்றே அந்தச் சொல்லைத் தேர்ந்திருந்தால், அதாவது அந்தத் தலைவரைச் சிசரோவோடோ டெமஸ்தனிஸோடோ ஒப்பிடும் குறிப்பு வேறெங்காவது புத்தகத்தில் இருந்தால், அப்போது நிலைமை வேறு. ‘சிசரோ ஆன்டனியைச் சாடியது போல’ என்று வரிக்குள்ளேயே உவமையாகக் கொண்டுவந்துவிடுங்கள். அடிக்குறிப்பைவிட அது நல்லது. பெயர்ச்சுட்டியில் சிசரோவின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தையும் இந்தப் பத்தியையும் அருகருகே வைத்துப் படித்த பிறகு முடிவெடுங்கள்.